காட்டுத்தீ: கேளுங்கள், சொல்கிறேன்

(பதில் சொல்பவர் கோத்தகிரியில் பிறந்தவர். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மெல்பர்னுக்கு வடகிழக்கே மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் மருந்துக்கடை நடத்துகிறார். அந்த ஊர்த் தீயணைப்புக் குழுவில் சம்பளமில்லாத தொண்டர்.)

கேள்வி: உலகத்தின் பணக்கார நகரங்களில் ஒன்று லாஸ் ஏஞ்சலிஸ். 2025 ஜனவரியில் அங்கே தீயணைப்புக் குழாய்களில் தண்ணீரே வரவில்லை என்று படித்தேன். அத்தனை பணம் இருந்தும் இதுதான் லட்சணமா?
– எம். எஸ்., திருச்சி

பதில்: கோபம் நியாயம்தான். பசிபிக் பாலிசேட்ஸ் பகுதிக்குத் தண்ணீர் கொடுக்கும் மேட்டுத் தொட்டிகள் மூன்று. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 38 லட்சம் லிட்டர் பிடிக்கும். 7ஆம் தேதி காலையில் தீ கிளம்பியது. மறுநாள் விடியற்காலை 3 மணிக்கெல்லாம் மூன்றும் காலி. பக்கத்திலிருந்த சாண்டா இனெஸ் நீர்த்தேக்கத்தைப் பழுதுபார்க்கவென்று வடித்து வைத்திருந்தார்கள். வீட்டைப் பறிகொடுத்தவர்கள் இதைக் கேட்காமல் வேறு எதைக் கேட்பார்கள்?

ஆனால் நகரத்துக் குழாய் என்பது ஒரு வீடோ ஒரு கடையோ தீப்பிடித்தால் அணைப்பதற்காகப் போடப்பட்டது. தெருத்தெருவாக வீடுகள் எரியும்போது எல்லா வண்டிகளும் ஒரே குழாயை உறிஞ்சுகின்றன. போதாததற்கு, இடிந்து விழுந்த வீடு ஒவ்வொன்றிலும் உடைந்த குழாயிலிருந்து தண்ணீர் யாருக்கும் பயனில்லாமல் கொட்டிக்கொண்டிருக்கும். அழுத்தம் முதலில் விழுவது மேட்டுத் தெருக்களில். அன்று வீசியதோ பாலைவனப் பக்கமிருந்து மலை இறங்கிக் கடலை நோக்கி வரும் சாண்டா அனா காற்று. சில இடங்களில் மணிக்கு 130 கிலோமீட்டரைத் தொட்டது. மாலையில் விமானங்களைத் தரையிறக்கிவிட்டார்கள், பறக்க வழியில்லை. முந்தைய இரண்டு குளிர்காலங்களிலும் நல்ல மழை பெய்து புதர் மண்டியிருந்தது. 2024 மே மாதத்துக்குப் பிறகு மழை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. மண்டியதெல்லாம் விறகாகிவிட்டது.

நீர்த்தேக்கம் நிறைந்திருந்தால் சில தெருக்கள் தப்பியிருக்கலாம். ஊர் தப்பியிருக்காது என்பது என் எண்ணம். பாலிசேட்ஸ், ஈட்டன் என்ற இரண்டு தீயிலும் சேர்த்து 16,000க்கு மேற்பட்ட கட்டடங்கள் போயின. அந்தக் காற்றில் அத்தனையையும் காப்பாற்றக் கூடிய தண்ணீர் எந்த ஊர்த் தொட்டியிலும் இல்லை.

கேள்வி: காட்டுத்தீக்கு முன்னால் ஓடித் தப்ப முடியுமா?
– கல்லூரி மாணவர், தேனி

பதில்: முடியாது. காய்ந்த புல்வெளியில் காற்றும் பின்னாலிருந்து தள்ளினால் தீ மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டும். மேட்டில் ஏறும் தீ இன்னும் மோசம்: சரிவு 10 பாகை கூடினால் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். ஏற ஏற நமக்கு மூச்சு வாங்கும், தீக்கு மேடுதான் வசதி. கீழே எரியும் சுடர் மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே சூடாக்கி, உலர்த்தி, தயாராக வைத்துவிடும். தேனிக்காரருக்குக் குரங்கணியை நான் நினைவூட்ட வேண்டியதில்லை. 2018 மார்ச் 11 அன்று மலையேறப் போனவர்கள் காய்ந்த புல் சரிவில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

மாட்டிக்கொண்டால் மேட்டை நோக்கி ஓடாதீர்கள். வெறும் பாறை, உழுத நிலம், ஓடை, ஏற்கெனவே முழுக்க எரிந்து கருகிய இடம், இவற்றில் எது கிட்டத்தில் இருக்கிறதோ அங்கே போங்கள். சுடர் மேலே படுவதற்கு முன்பே அனல் ஆளைக் கொன்றுவிடும் என்பதால் உடம்பில் ஒரு விரற்கடைத் தோல்கூட வெளியே தெரியக்கூடாது. பருத்தி நல்லது, கம்பளி அதைவிட நல்லது. பாலியெஸ்டர் சட்டை உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். மலையேற்றத்துக்கென்று கடையில் விற்கும் பளபளப்பான உடுப்புகளில் பாதி இந்த ரகம்தான்.

கேள்வி: ஹவாயில் 2023 ஆகஸ்டில் லஹைனா நகரமே சாம்பலானபோது, சிவப்புக் கூரை போட்ட வீடு ஒன்று மட்டும் அப்படியே நின்ற படத்தைப் பார்த்திருப்பீர்கள். தெய்வச் செயல் என்றுதான் எனக்குத் தோன்றியது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: தெய்வத்தின் பங்கை நான் அளக்க மாட்டேன். மனிதர்கள் செய்ததைச் சொல்கிறேன். அது ஏறத்தாழ நூறு வருடத்து மர வீடு. உரிமையாளர்கள் சமீபத்தில்தான் பழைய தார்க் கூரையைக் கழற்றிவிட்டுக் கனமான உலோகத் தகடு போட்டிருந்தார்கள். சுவரை ஒட்டி வளர்ந்த செடிகளைப் பிடுங்கி, கூரைத் தண்ணீர் சொட்டும் எல்லை வரை கூழாங்கல் பரப்பியிருந்தார்கள். தீயை நினைத்துச் செய்ததல்ல, செடி வழியாகக் கரையான் வீட்டுக்குள் ஏறிவிடும் என்ற பயத்தில் செய்தது. கரையானுக்கு வைத்த காவல் தீக்கும் காவலாகிவிட்டது.

மக்கள் நினைப்பது போலத் தீச்சுவர் ஒன்று உருண்டு வந்து வீட்டை விழுங்குவது குறைவு. பெரும்பாலான வீடுகள் பொறியில் போகின்றன. எரியும் பட்டை, இலை, குச்சி எல்லாம் காற்றில் மழையாக வந்து விழும். தீ வருவதற்கு முன்பும் விழும், போன பிறகும் மணிக்கணக்காக விழும். பட்ட இடத்தில் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்தால் வீடு போயிற்று. கூரை விளிம்பில் மழைத் தண்ணீர் வடியும் தகரத்துக்குள் ஒரு பிடி காய்ந்த சருகு போதும். ஓட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே விரல் நுழையும் சந்து போதும்.

எங்கள் வேலையில் பாதி, தீ தாண்டிப் போன பிறகு வீடு வீடாகச் சுற்றுவதுதான். அப்படி ஒரு வீட்டுக்குப் போனோம். சுவர் கரி படவில்லை, கண்ணாடி உடையவில்லை, ஆள் யாரும் இல்லை. வாசலில் தேங்காய்நார் மிதியடி. அதில் பழைய ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்குக் கனல், லேசாகப் புகைந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே நாலு விரல் தள்ளி மரக் கதவின் அடிச்சட்டம். குழாயைக்கூட நாங்கள் இழுக்கவில்லை. என் தண்ணீர்ப் போத்தலில் மிச்சமிருந்ததை ஊற்றினேன். அரை மணி நேரம் கழித்துப் போயிருந்தால் வண்டித் தண்ணீர் முழுவதும் போதாது.

லஹைனாவில் ஆலமரம் ஒன்று இருக்கிறது தெரியுமா? 1873இல் நட்டது, கன்று போனது இந்தியாவிலிருந்து. அதுவும் அந்தத் தீயில் வெந்தது. சில வாரங்களில் துளிர்த்துவிட்டது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், சொல்லத் தோன்றியது.

கேள்வி: எங்கள் மலையில் நிற்கும் கற்பூர மரமெல்லாம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது என்கிறார்கள். அப்படியானால் அந்த ஊர்த் தீயும் எங்களுக்கு வருமா?
– தேயிலை விவசாயி, கோத்தகிரி

பதில்: ஊர்க்காரருக்கு முதல் வணக்கம். ஆமாம், 1840களில் விறகுக்காக வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நட்டது. சளி பிடித்தால் நெஞ்சில் தடவுகிறோமே, அந்தத் தைலம் இந்த இலையில்தான் காய்ச்சப்படுகிறது. வெயிலேறினால் அதே எண்ணெய் ஆவியாகி எரியத் தயாராகிவிடும். இங்கே இந்த இனத்தில் சில மரங்களின் பட்டை நார்நாராக உரிந்து தொங்கும். தீப்பிடித்தால் எரிந்தபடியே அனல் காற்றில் ஏறி வெகுதூரம் பறக்கும். 2009 பிப்ரவரித் தீயில் 30 கிலோமீட்டருக்கு அப்பால் விழுந்து புதுத் தீ வைத்திருக்கிறது.

ஆனாலும் உங்களுக்கு அதே ஆபத்து இல்லை. நம் மலையில் இரண்டு பருவமழையும் உண்டு, பச்சைத் தேயிலைத் தோட்டம் எளிதில் எரியாது, சோலைக்காடு ஈரம் காக்கும். உங்கள் ஆபத்து ஜனவரி முதல் ஏப்ரல் வரைக்கும் காய்ந்து கிடக்கும் புல்லிலும் உண்ணிச்செடிப் புதரிலும் இருக்கிறது. வைப்பதும் பெரும்பாலும் மனிதக் கைதான்: குப்பை எரிப்பவர், பீடியை வீசுபவர், புதுப்புல் முளைக்கட்டும் என்று கொளுத்துபவர். 2024 மார்ச்சில் குன்னூர்ப் பக்கம் நாள்கணக்கில் எரிந்த தீக்கு விமானப்படை ஹெலிகாப்டரே தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது.

கோடை தொடங்கும் முன் வனத்துறை ஆட்கள் தீத்தடுப்புக் கோடு வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். தீ வந்தால் பச்சைத் தழையை ஒடித்து அடிப்பதையும் பார்த்திருப்பீர்கள். இங்கே எங்கள் கையில் இருப்பது ஒரு பக்கம் மண்வெட்டி, மறுபக்கம் பல் வைத்த வாருகோல். விலை கூடுதல், வேலை ஒன்றுதான். மண் தெரியும் வரை சுரண்டி, தீயின் வாயிலிருந்து சோற்றைப் பிடுங்குகிறோம். தொலைக்காட்சியில் தண்ணீர் பீய்ச்சுவதை மட்டும் காட்டுகிறார்கள், பார்க்க அழகாக இருப்பதால்.

கேள்வி: வீட்டை விட்டுப் போகாமல், தோட்டக் குழாயைப் பிடித்து நின்றே வீட்டைக் காப்பாற்றியவரின் காணொளி ஒன்று பார்த்தேன். மெய்சிலிர்த்தது. எல்லோரும் அப்படி நின்றால் என்ன?
– டி. கே., சென்னை

பதில்: காப்பாற்றியவர் காணொளி போடுகிறார். மற்றவர் போடுவதில்லை.

2009 வரைக்கும் விக்டோரியாவில் அதிகாரப்பூர்வமான அறிவுரையே 'ஆயத்தம் செய்து தங்கிக் காத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சீக்கிரம் கிளம்புங்கள்' என்பதுதான். அந்த ஆண்டு பிப்ரவரி 7 சனிக்கிழமை மெல்பர்னில் வெயில் 46.4 டிகிரி. நண்பகலுக்குச் சற்று முன் கில்மோர் கிழக்கில் மின்கம்பி அறுந்து கிளம்பிய தீ, நெடுஞ்சாலையைத் தாண்டி மாலையில் கிங்லேக் மலையில் ஏறியது. அந்த ஒரு தீயில் மட்டும் 119 பேர். மாநிலம் முழுக்க 173 பேர். அவர்களில் 113 பேர் இறந்தது வீட்டுக்குள்ளே. ஒழுங்காக ஆயத்தம் செய்து வைத்திருந்தவர்களும் அதில் உண்டு.

ஏன் அவ்வளவு பேர்? காற்று திரும்பியதை முக்கியமாகச் சொல்வேன். இங்கே கொடும் வெயில் நாட்களில் வடமேற்குக் காற்று பாலைவனச் சூட்டைக் கொண்டுவரும். தீ தென்கிழக்காக ஒடுங்கி நீளமாக ஓடும். மூக்கு கூர்மையாக இருக்கும், விலா மிக நீளமாக இருக்கும். மாலையில் தென்மேற்கிலிருந்து குளிர்காற்று வரும். எல்லோரும் 'அப்பாடா' என்று மூச்சு விடும் நேரம் அதுதான், தீக்காரர்கள் மட்டும் பல்லைக் கடித்துக்கொள்வோம். ஏனென்றால் அந்த நீள விலா முழுவதும் ஒரே நொடியில் மூக்காகிவிடும். இதுவரை பக்கவாட்டில் சாதுவாக ஊர்ந்துகொண்டிருந்த தீ, கிலோமீட்டர் கணக்கில் அகலமாக, நீங்கள் எதிர்பார்க்காத திசையில் பாயும். 1998 டிசம்பர் 2 அன்று லின்டன் என்ற இடத்தில் இப்படித் திரும்பிய காற்றில் ஐந்து தொண்டர்கள் வண்டியோடு இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் தொட்டியில் கடைசித் தண்ணீரை எந்தக் காரணத்துக்கும் செலவழிக்கக்கூடாது என்ற விதி எங்களுக்குக் கடுமையாக வந்தது. அந்தத் தண்ணீர் எங்களுக்கு. தீ மேலே ஏறினால் வண்டிக்குள் புகுந்து, சன்னல்களுக்குத் திரையிறக்கி, கம்பளிப் போர்வைக்குள் சுருண்டு, வண்டியைச் சுற்றித் தண்ணீரைத் தெளிக்கவிட்டுக் காத்திருப்போம். இதை ஒவ்வொரு வருடமும் பயிற்சி செய்கிறோம். அந்தப் போர்வையின் வாசனை எனக்குப் பிடிக்காது.

தங்கிக் காக்க வேண்டுமென்றால் என்னென்ன வேண்டும் தெரியுமா? குழாய்த் தண்ணீர் நின்றுவிடும், மின்சாரம் முதலில் போகும். எனவே குறைந்தது 10,000 லிட்டர் சொந்தத் தொட்டி, பெட்ரோலிலோ டீசலிலோ ஓடும் பம்பு, உருகாத குழாய், உடம்பை மூடிய உடை, மணிக்கணக்கில் கும்மிருட்டிலும் புகையிலும் உழைக்கக்கூடிய இரண்டு ஆட்கள், நடுங்காத மனசு. இதில் ஒன்று குறைந்தாலும் உங்களுக்கு அந்தக் காணொளி பொருந்தாது. தீ அபாயத்தின் உச்ச நிலையான 'கேடஸ்ட்ரோஃபிக்' என்று அறிவிக்கும் நாளில் எல்லாம் இருந்தாலும் பொருந்தாது. அந்த மாதிரித் தீயைத் தாங்குவதற்காக இங்கே வீடு கட்டப்படுவதில்லை.

கேள்வி: டாண்டினாங் மலைப்பகுதியில் புதிதாக வீடு வாங்கிக் குடி வந்திருக்கிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனார், 'வீட்டைப் போட்டுவிட்டு ஓடுவதாவது? அரசாங்கம் சொல்லட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்' என்கிறார். கணவரும் தலையாட்டுகிறார். என்ன செய்ய, அக்கா?
– வாசகி, மெல்பர்ன்

பதில்: அரசாங்கம் சொல்லும், அம்மா. எப்போது சொல்லும் என்பதுதான் சிக்கல். லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் ஈட்டன் தீ கிளம்பியது மாலை 6 மணி சுமாருக்கு. அங்கே ஆல்ட்டடீனா என்ற ஊரின் மேற்குப் பகுதிக்கு 'வெளியேறுங்கள்' என்ற உத்தரவு வந்தபோது விடியற்காலை 3 மணி தாண்டிவிட்டது. அந்தத் தீயில் இறந்த 19 பேரில் ஏறத்தாழ எல்லோரும் அந்த மேற்குப் பகுதிக்காரர்கள், பலர் வயதானவர்கள். லஹைனாவில் அபாயச் சங்கு ஊதவே இல்லை. சங்கு சுனாமிக்கானது, ஊதினால் மக்கள் தீ இருக்கும் மலைப்பக்கம் ஓடிவிடுவார்கள் என்று காரணம் சொன்னார்கள். பாலிசேட்ஸில் உத்தரவு வந்தது, எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பியதால் சாலை அடைத்தது. காரை அப்படியே விட்டுவிட்டு நடந்தார்கள், பிறகு புல்டோசர் வந்து கார்களை ஓரம் தள்ளித்தான் தீயணைப்பு வண்டிக்கு வழி செய்தது.

மாமனாரோடு வாதாடாதீர்கள். வீரத்தைப் பற்றிப் பேசினால் அவர்தான் ஜெயிப்பார். நாளைய தீ அபாய நிலை முந்தைய நாளே வெளியாகும். நாலு நிலைகள் உண்டு, மேலே உள்ள இரண்டு 'எக்ஸ்ட்ரீம்', 'கேடஸ்ட்ரோஃபிக்'. அந்த இரண்டில் எது வந்தாலும் மறுநாள் காலை 9 மணிக்கு நகரத்துக்குள் இருக்கும் உறவினர் வீட்டில் விருந்து என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தீ என்ற வார்த்தையே வேண்டாம். 'மாமா, நாளைக்கு அவர்கள் வீட்டில் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், மறுத்தால் வருத்தப்படுவார்கள்' என்றால் போதும். நம் ஊர்ப் பெரியவர்கள் தீக்குப் பயப்பட மாட்டார்கள், சம்பந்தி வீட்டு வருத்தத்துக்குப் பயப்படுவார்கள். கோடையில் இப்படி நாலைந்து விருந்து வரும். எல்லா முறையும் ஒன்றும் நடக்காமல் மாலையில் வீடு திரும்புவீர்கள். 'வீணாகப் போய் வந்தோம்' என்று கணவர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும். போன தடவை அழைத்த வீட்டுக்கு மாங்காய் ஊறுகாய் கொண்டுபோங்கள், அடுத்த தடவையும் அழைப்பார்கள்.

கணவரிடம் மட்டும் தனியாக ஒரு வேலை சொல்லுங்கள். இங்கே ஆகஸ்டு என்றால் குளிர்காலம். அப்போது ஏணி போட்டு, கூரை விளிம்பில் மழைத் தண்ணீர் வடியும் தகரத்திலிருந்து சருகை அள்ளச் சொல்லுங்கள். சுவரை ஒட்டி அடுக்கிய விறகை வேலியோரம் மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: விமானத்திலிருந்து கொட்டுகிறார்களே, அந்தச் சிவப்புப் பொடி என்ன?
– பள்ளி மாணவி, ஈரோடு

பதில்: பொடியல்ல, குழம்பு. தண்ணீரில் அம்மோனியம் பாஸ்பேட் கலந்தது, ஏறத்தாழ உரம். எங்கே கொட்டினோம் என்று விமானிக்குத் தெரிவதற்காகத்தான் சிவப்பு. தீயின் தலையில் போடுவதில்லை, அது போகும் பாதையில் முன்கூட்டிக் கோடாகப் போட்டுப் புதர் எரிவதைத் தாமதிக்கிறார்கள். அணைக்கும் வேலை தரையில் நிற்பவர்களுடையது. இன்னொன்று: 2025 ஜனவரி 9 அன்று லாஸ் ஏஞ்சலிஸில், கனடாவிலிருந்து உதவிக்கு வந்த தண்ணீர் விமானத்தின் இறக்கையில் யாரோ வேடிக்கை பார்க்கப் பறக்கவிட்ட ட்ரோன் மோதி ஓட்டை போட்டது. விமானம் முடங்கியது. உன் அண்ணனிடம் ட்ரோன் இருந்தால் இதைப் படித்துக் காட்டு.

கேள்வி: அவசரத்தில் எதை எடுத்துக்கொண்டு கிளம்புவது?
– இல்லத்தரசி, யாழ்ப்பாணம்

பதில்: மருந்துக்கடைக்காரியாக நிவாரண முகாமில் நான் பார்ப்பதைச் சொல்கிறேன். தாலிக்கொடி இருக்கும், பட்டுப்புடவைகூட இருக்கும். மூக்குக்கண்ணாடி இருக்காது, ரத்த அழுத்த மாத்திரை இருக்காது. 'வெள்ளையாக, சின்னதாக ஒரு மாத்திரை' என்பார்கள். என் கடையில் பாதி மாத்திரை வெள்ளையாகச் சின்னதாகத்தான் இருக்கிறது. மருந்துச் சீட்டை இன்றே படமெடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்பிவையுங்கள். இன்சுலின் போடுகிறவர் ஐஸ் வைக்கும் சிறு பெட்டியைக் கதவருகே வைத்திருங்கள். பாஸ்போர்ட், வீட்டுப் பத்திரம், காப்பீட்டுத் தாள் எல்லாம் ஒரே பையில். பாட்டரி போட்ட ரேடியோ வேண்டும், கைப்பேசிக் கோபுரமும் எரியும். வீட்டை ஓர் அறை விடாமல் படம்பிடித்து வைத்தால் பின்னால் காப்பீட்டுக்காரரிடம் மன்றாட வேண்டியிராது. கல்யாண ஆல்பம் முதலிலேயே பைக்குள் போகட்டும், கடைசி நிமிடத்தில் அதைத் தேடித்தான் திரும்பி ஓடுகிறார்கள்.

கேள்வி: ஆடு மாடுகளை அவிழ்த்துச் சாலையில் விரட்டிவிடலாமா?
– விவசாயி, தர்மபுரி

பதில்: அவிழ்ப்பது சரி, சாலை வேண்டாம். புகையில் ஓடிவரும் வண்டியும் மாடும் மோதி வழி அடைத்துவிடும். புல் மேய்ந்து வெறும் மண்ணாகிவிட்ட வயலில், தண்ணீர் வைத்து விடுங்கள். நைலான் கயிறு கழுத்தில் இருந்தால் அறுத்துவிடுங்கள், உருகும்.

கேள்வி: நாமே முன்கூட்டிக் காட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக எரித்துவிட்டால் பெரிய தீ வராதல்லவா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், புதுச்சேரி

பதில்: ஐயா, ஆஸ்திரேலியாவின் பூர்வகுடிகள் பல்லாயிரம் ஆண்டுகளாக அதைத்தான் செய்தார்கள்: சிறுசிறு துண்டாக, அனல் குறைந்த தீயாக, எந்தப் புல் எப்போது பழுக்கிறது என்று அறிந்து. வந்தேறியவர்கள் அதை நிறுத்திவிட்டு, இப்போது தட்டுத்தடுமாறிக் கற்கிறோம். 2009க்குப் பின் அமைந்த அரச விசாரணைக் குழு, ஆண்டுக்குப் பொதுக்காட்டில் 5 சதவீதமாவது எரிக்கச் சொன்னது. பரப்பளவு இலக்கு வைத்தால் ஆளில்லாத தூரக்காட்டை எரித்துக் கணக்கு முடிப்பது சுலபம். எனவே பிறகு அதை விட்டுவிட்டு, எந்த இடத்தை எரித்தால் ஊருக்கு ஆபத்து குறையும் என்று பார்க்கும் முறைக்கு வந்தார்கள். அது சரியென்றே நினைக்கிறேன். வைத்த தீ கைமீறுவதும் உண்டு. 2015இல் லான்ஸ்ஃபீல்டு அருகே அப்படி மீறி வீடுகள் எரிந்தன. எரித்து வைத்த காடு மிதமான நாளில் தீயை மட்டுப்படுத்தும். 46 டிகிரியில் பொறிகள் அதற்கு மேலே பறந்து போய்விடும்.

கேள்வி: மின்சாரக் கம்பியால் ஊரே அழியும் என்பதை நம்ப முடியவில்லை.
– மின்பணியாளர், விருதுநகர்

பதில்: உங்கள் தொழில் சங்கதிதான், கேளுங்கள். கலிபோர்னியாவில் பாரடைஸ் என்ற ஊருக்கு மேலே, மலையில் 1921இல் போட்ட உயரழுத்தப் பாதை. கோபுரத்தில் கம்பியைத் தாங்கும் இரும்புக் கொக்கி, காற்றில் ஆடி ஆடி ஏறத்தாழ நூறு வருடமாகத் தேய்ந்து, 2018 நவம்பர் 8 காலையில் முறிந்தது. கம்பி கோபுரத்தில் பட்டது, உருகிய உலோகம் காய்ந்த புல்லில் சொட்டியது. 85 பேர் இறந்தார்கள், 18,000க்கு மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. மின்நிறுவனமான பி.ஜி. அண்ட் இ., 84 மரணங்களுக்குத் தான் குற்றவாளி என்று 2020இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. கம்பத்தில் ஏறும்போது கொக்கியைத் தடவிப் பார்ப்பவர் நீங்கள் என்றால், நான் உங்களை வணங்குகிறேன்.

கேள்வி: பெண்ணாக இருந்துகொண்டு தீயணைப்பு வண்டியில் போகிறீர்களே, கணவர் அனுமதிக்கிறாரா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அவர்தான் எலுமிச்சைச் சாதம் கட்டிக் கொடுக்கிறார். வண்டியில் அதற்கு ஏகப்பட்ட கிராக்கி. உங்கள் பெயரை வெளியிடாதது நல்லது.

கேள்வி: விக்டோரியாவுக்கு வேலைக்கு வந்திருக்கிறேன். சிற்றூர் வாழ்க்கை. உங்களைப் போலக் குழுவில் சேர என்ன தகுதி வேண்டும்? உடம்பு அவ்வளவு வலுவில்லை.
– மென்பொருளாளர், பெண்டிகோ அருகில்

பதில்: 16 வயது நிறைந்திருந்தால் போதும், தம்பி. இந்த மாநிலத்தின் கன்ட்ரி ஃபயர் அதாரிட்டியில் இருக்கும் பல்லாயிரம் பேரும் உங்களையும் என்னையும் போலத் தொண்டர்கள்தான்: பள்ளி ஆசிரியை, மாட்டுப்பண்ணைக்காரர், தபால்காரர். எல்லோரும் குழாய் பிடிப்பதில்லை. ரேடியோ கேட்டு எழுத, வரைபடம் பார்க்க, பம்பைப் பழுதுபார்க்க, நள்ளிரவில் திரும்பி வருகிறவர்களுக்குத் தேநீர் போட ஆள் எப்போதும் குறைவு. மஞ்சள் உடையும் பயிற்சியும் அவர்களே தருவார்கள். முதல் சில வாரம் குழாய் சுருட்டுவதும் வண்டி கழுவுவதுமாகப் போகும், சலிக்காதீர்கள். கோடைக்குக் காத்திருக்காமல் குளிர்காலத்தில் போய்ச் சேருங்கள், கற்றுக்கொடுக்க அவர்களுக்கு அப்போதுதான் நேரம் இருக்கும். கனரக வண்டி ஓட்டத் தெரியுமா என்று கேட்பார்கள். தெரியும் என்று மட்டும் வாய்தவறிச் சொல்லிவிட்டால், பிறகு சொந்த வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட விடமாட்டார்கள்.